வடக்கன்குளம் கோயிலும் அதன் நடுச்சுவரும்

கோயில் திருப்பணி என்றால் நமது மக்களுக்கு எப்போதும் ஒரு தனிப் பெருமை உண்டு. இந்துவானால் இத்தனை நிலைக் கோபுரம், இத்தனை லட்சம் செலவில் கும்பாபிஷேகம் என்பான். கத்தோலிக்கனானால் இத்தனை அடி உயர மணிக்கூண்டு, சீமையிலிருந்து வந்த மணி, பளிங்குப் பீடம் என்பான். கோயிலுக்கு நூற்றாண்டு விழா வந்துவிட்டால் மலர் ஒன்று வெளியாகும். எந்தச் சாமியார் அஸ்திவாரம் போட்டார், எந்தச் சாமியார் கூரை மாற்றினார், எந்த மேற்றிராணியார் வந்து மந்திரித்தார் என்பதெல்லாம் வருஷம் தேதியோடு அதில் இருக்கும். ஆனால், அந்தக் கோயிலுக்குள் எந்த ஜாதியான் எந்த இடத்தில் உட்கார்ந்தான், எந்த வாசல் வழியாக வந்தான், செத்தபின் எங்கே புதைக்கப்பட்டான் என்ற சங்கதி மாத்திரம் அந்த மலர்களில் பெரும்பாலும் இருப்பதில்லை.

நாம் அந்த விடுபட்ட சங்கதியைத்தான் இங்கு பேசப் போகின்றோம். ஏனென்றால், பிரசங்கம் பொய் சொல்லும். புஸ்தகம் பொய் சொல்லும். கட்டடம் பொய் சொல்லாது. "எல்லோரும் ஒரே பிதாவின் பிள்ளைகள்" என்று வாயினால் சொல்லிக்கொண்டே, நடுவில் ஒரு சுவரைக் கொத்தனாரை விட்டு எழுப்பினால், நம்ப வேண்டியது வாயையா, சுவரையா என்று கேட்கின்றோம். சுவரைத்தான் நம்ப வேண்டும். ஏனெனில் வாய்க்குச் செலவில்லை. சுவருக்குச் செலவு உண்டு. மனிதன் எதற்குப் பணம் செலவழிக்கின்றானோ அதில்தான் அவனுடைய உண்மையான நம்பிக்கை இருக்கும்.

ஊரும் அதன் பெருமையும்

திருநெல்வேலி ஜில்லாவின் தென்கோடியில், இராதாபுரம் பக்கத்தில் வடக்கன்குளம் என்று ஓர் ஊர் இருக்கின்றது. தென்னாட்டுக் கத்தோலிக்கர்களுக்கு அது மிகப் பழமையும் பெருமையும் உள்ள ஊராகும். திருவாங்கூர் ராஜா மார்த்தாண்டவர்மாவின் உத்தியோகஸ்தராக இருந்த, நட்டாலத்தில் பிறந்த நீலகண்டன் என்பவர், குளச்சல் சண்டையில் பிடிபட்ட டிலனாய் என்னும் டச்சுக்காரரின் பழக்கத்தால் கிறிஸ்து மதத்தில் விருப்பங்கொண்டு, 1745-ம் வருஷம் மே மாதத்தில் இந்த வடக்கன்குளத்துக்கு வந்துதான், புத்தாரி என்ற சேசு சபைச் சாமியாரிடம் ஞானஸ்நானம் பெற்றுத் தேவசகாயம் ஆனார். பிறகு அவர் சிறைப்பட்டு, சித்திரவதைப்பட்டு, 1752-ம் வருஷம் ஜனவரியில் ஆரல்வாய்மொழிக்குப் பக்கத்திலுள்ள காற்றாடிமலையில் சுட்டுக் கொல்லப்பட்டார். 2012-ல் ரோமாபுரியார் அவரை முக்திப்பேறு பெற்றவர் என்றும், 2022-ம் வருஷம் மே மாதத்தில் அர்ச்சிஷ்டவர் என்றும் பிரகடனம் செய்தார்கள். அவர் ஜாதி வித்தியாசம் பாராமல் எல்லோரோடும் ஒன்றாகப் பழகினார் என்பதை அவருடைய புண்ணியங்களில் ஒன்றாகவே எடுத்துச் சொல்லுகின்றார்கள்.

நல்லது. அவ்விதமான ஒருவரைக் கிறிஸ்தவராக்கிய அதே ஊரில், அவர் செத்து நூற்றிருபது வருஷத்துக்குப் பிறகு எழுந்த கோயிலைப் பாருங்கள்.

கால்சட்டைக் கோயில்

1872-ல் எழுந்த வடக்கன்குளம் கோயில் உலகத்தில் எங்கும் எளிதில் காண முடியாத ஒரு வினோதமான கட்டடமாகும். சாதாரணமாகக் கத்தோலிக்கக் கோயில் என்றால் நீளமான ஒரே மண்டபமும் அதன் கோடியில் பீடமும் இருக்கும். இங்கோ பீடம் ஒன்று, மண்டபம் இரண்டு. பீடத்தண்டை ஒன்றுசேர்ந்து, அங்கிருந்து விலகி விலகிப் போகும் இரண்டு நீண்ட மண்டபங்கள். மேலேயிருந்து பார்ப்பவனுக்கு ஒரு பெரிய கால்சட்டையை விரித்துப் போட்டதுபோல் இருக்கும். ஒரு காலில் வேளாளர், முதலியார் முதலான "மேல்" ஜாதிக் கத்தோலிக்கர்கள். மற்றொரு காலில் நாடார் முதலானவர்கள். இரண்டுக்கும் நடுவில் சுவர்.

இந்த ஏற்பாட்டின் சாமர்த்தியத்தைச் சற்று யோசித்துப் பாருங்கள். பூசை செய்கின்ற சாமியாருக்கு இரண்டு பக்கத்தாரும் தெரிவார்கள். இரண்டு பக்கத்தாருக்கும் சாமியாரும் பீடமும் தெரியும். ஆனால், ஒரு பக்கத்தார் மற்றப் பக்கத்தாரின் முகத்தில் மாத்திரம் விழிக்க வேண்டியதில்லை! கடவுளைப் பார்த்தால் பாதகமில்லை. பக்கத்து வீட்டுக் கிறிஸ்தவனைப் பார்த்தால் தீட்டு. "உன்னைப்போல் பிறனையும் நேசி" என்று சொன்ன கிறிஸ்துநாதரின் பேரால், அந்தப் பிறன் கண்ணிலேயே படாதபடி ஒரு கோயிலைக் கட்டி முடித்தார்கள் என்றால், அந்தத் திட்டத்தைப் போட்ட மூளைக்குச் சபாஷ் சொல்லத்தான் வேண்டும்.

பழைய கட்டடம் ஒன்றில் யாரோ எப்போதோ ஒரு தட்டியைக் கட்டிவிட்டுப் போனார்கள் என்று இதற்குச் சமாதானம் சொல்ல முடியாது. அஸ்திவாரம் தோண்டும்போதே ஜாதியை அளந்து தோண்டியிருக்கின்றார்கள். கல்லும் சுண்ணாம்பும் சுமந்து வந்தபோது அவற்றில் எது எந்த ஜாதியான் தொட்டது என்று யாராவது பிரித்து வைத்தார்களா? சுண்ணாம்பு அரைத்தவன் கையில் தீட்டில்லை. மரம் இழுத்தவன் தோளில் தீட்டில்லை. கட்டி முடித்து உள்ளே வந்து முழங்கால்போட்டவுடனே தீட்டு வந்துவிட்டது. சிதம்பரத்திலும் மதுரையிலும் நடந்த அதே கதைதான். குறுக்கே நூல் போட்டவன் செய்ததைச் சிலுவை போட்டவனும் செய்தான் என்பதைத் தவிர வேறு வித்தியாசம் என்ன?

சுவர் எங்கிருந்து வந்தது?

"இந்தச் சுவர் உள்ளூர் ஜாதிக்காரர்களின் பிடிவாதத்தால் வந்தது, பாவம், வெள்ளைக்காரச் சாமியார்கள் என்ன செய்வார்கள்?" என்று சிலர் பரிந்து பேசுவதுண்டு. இது பாதி உண்மை. மீதிப் பாதியை நாம் சொல்லுகின்றோம்.

1606-ல் மதுரைக்கு வந்த ராபர்ட் டி நொபிலி என்னும் இத்தாலியச் சாமியார், அங்கே ஏற்கனவே பெர்னாண்டஸ் என்ற சாமியாரின் கீழ் போர்த்துக்கீசருக்கும் பரதவருக்கும் இருந்த கோயிலோடு தாம் ஒட்டாமல், காவி கட்டி, மரக்கறி உண்டு, "தத்துவ போதகர்" என்று பேர் வைத்துக்கொண்டு, மேல் ஜாதியாருக்கென்று தனிக் கோயில் கண்டார். ஒரே ஊர், ஒரே மதம், ஒரே சபைச் சாமியார்கள், இரண்டு கோயில். வடக்கன்குளத்து நடுச்சுவரின் முதல் கல் அப்போதே மதுரையில் வைக்கப்பட்டுவிட்டது என்றுதான் சொல்ல வேண்டும். 1623-ல் போப் 15-வது கிரகோரியார், மதம் மாறிய பார்ப்பனர் பூணூலும் குடுமியும் வைத்துக்கொள்ள அனுமதி கொடுத்தார். பிறகு தாழ்ந்த வகுப்பாருக்கென்று "பண்டார சாமிகள்" என ஒரு தனி ரகச் சாமியார்கள் ஏற்பட்டார்கள். அதாவது, ஜனங்களுக்கு மாத்திரமல்லாமல் சாமியார்களுக்கே ஜாதி உண்டாகிவிட்டது.

இதைக் கண்டித்தவர்கள் ரோமாபுரியிலேயே இல்லாமல் போகவில்லை. போப்பின் பிரதிநிதியாகப் புதுச்சேரிக்கு வந்திருந்த தூர்னோன் என்பவர், 1704-ல் பறையர் வீட்டில் நோயாளி கிடந்தால் சாமியார் அந்தக் குடிசைக்குள் போய்த்தான் அவஸ்தைப்பூசுதல் முதலியவற்றைக் கொடுக்க வேண்டும் என்று உத்தரவு போட்டார். சாகக்கிடக்கிறவனைப் பார்க்கச் சாமியார் அவன் வீட்டுக்குப் போக வேண்டும் என்பதற்கு ஒரு உத்தரவு! அந்த உத்தரவையும் நிறைவேற்ற முடியாது என்று நாற்பது வருஷம் வாதாடினார்கள். கடைசியாக 1744-ல் போப் 14-வது ஆசீர்வாதப்பர் காலத்தில் ஏற்பட்ட முடிவு என்ன தெரியுமா? பறையர்களுக்கென்று தனியாகச் சில சாமியார்களை ஒதுக்கிவிடுவது என்பதுதான். நோய் தீருவதற்கு மருந்து கேட்டால், நோயாளிக்குத் தனிக் கிண்ணம் கொடுத்து அனுப்பிய கதைதான் இது.

ஆகவே, ஜாதிக்காரர்கள் சுவர் கேட்டார்கள் என்பது உண்மை. கேட்டதைக் கொடுத்தவர்கள் சாமியார்கள் என்பதும் உண்மை. திருடச் சொன்னவன் ஒருவன், கதவைத் திறந்துவிட்டவன் ஒருவன் என்றால் நியாயஸ்தலத்தில் இருவருக்கும் தண்டனை உண்டு.

புதுச்சேரியில் இடிந்த ஒரு சுவர்

சுவரை எடுக்க முடியாதா என்றால், மனதிருந்தால் ஒரே நாளில் எடுக்கலாம் என்பதற்கும் சரித்திரத்தில் சாட்சி இருக்கின்றது. தேவசகாயம் ஞானஸ்நானம் பெற்ற அதே 1745-ம் வருஷத்தில், அக்டோபர் மாதத்தில், புதுச்சேரிச் சம்பாக் கோயிலில் நடந்த ஒரு சம்பவத்தை ஆனந்தரங்கப் பிள்ளை தமது தினப்படிக் குறிப்பில் எழுதி வைத்திருக்கின்றார். ஆனந்தரங்கப் பிள்ளை நாஸ்திகரல்லர், கிறிஸ்தவரும் அல்லர், ஜாதியை விட்டவரும் அல்லர். அவர் எழுதியபடி, அந்தக் கோயிலிலும் பறைக் கிறிஸ்தவர்களையும் மற்றவர்களையும் பிரிக்க ஒரு சுவர் இருந்தது. அந்த ஜனங்கள் சாமியாரிடத்தில் போய், நாங்களும் உங்கள் சீஷர்கள்தானே, கடவுள் எங்களுக்குள் பேதம் வைக்காதிருக்க நீங்கள் ஏன் வைக்கின்றீர்கள் என்கின்ற கருத்தில் கேட்டார்கள். கேள்வி நியாயமானது என்று பட்டதும் சாமியார் சுவரை இடிக்கச் செய்தார். ஜாதிக் கிறிஸ்தவர்கள் கூச்சல் போட்டார்கள்.

இதில் நாம் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. அந்தச் சுவர் இடிந்ததற்குக் காரணம் வேத வாக்கியம் அல்ல. வேத வாக்கியம் அதற்கு முன்னும் அங்கே தினமும் வாசிக்கப்பட்டுத்தான் வந்தது. எழுத்து வாசனை மறுக்கப்பட்ட ஏழை ஜனங்கள் கூட்டமாகப் போய், "ஏன்?" என்று கேட்டார்கள், அதனால் இடிந்தது. பகுத்தறிவு என்பது வேறொன்றுமில்லை, இந்த "ஏன்?" தான்.

அந்தக் கோயிலின் பின் கதையும் நினைவில் வைக்கத்தக்கது. 1761-ல் இங்கிலீஷ்காரர் புதுச்சேரியைப் பிடித்தபோது கோயிலைத் தரைமட்டமாக்கினார்கள். 1770-ல் தொடங்கி 1791-ல் முடிந்து, ஜன்மராக்கினி மாதா கோயில் என்று இன்று நிற்கும் கோயில் அதே இடத்தில் எழுந்தது. கோயில் எத்தனை முறை இடிந்தாலும் மறுபடி எழுகின்றது. பணம் சேருகின்றது, கொத்தனார் வருகின்றான், மணி அடிக்கின்றது. கோயிலை இடிக்க ஒரு பீரங்கி போதும். ஜாதியை இடிக்க எந்த ராஜாவும் இதுவரை பீரங்கி கொண்டுவரவில்லை.

1910-ம் வருஷமும் கோர்ட்டு வழக்கும்

வடக்கன்குளத்துக்குத் திரும்புவோம். முப்பத்தெட்டு வருஷம் அந்த நடுச்சுவர் நின்றது. முப்பத்தெட்டு வருஷம் என்றால், சுவரின் ஒரு பக்கத்தில் ஞானஸ்நானம் பெற்ற குழந்தை வளர்ந்து, கலியாணம் செய்து, பேரப்பிள்ளை எடுக்கும் காலம். அத்தனை காலமும் இரண்டு கால்களிலும் ஒரே அப்பத்தைக் கொடுத்தார்கள். ஒரே ஜெபத்தைச் சொன்னார்கள். 1910-ல் கௌசானல் என்ற பிரஞ்சுச் சாமியார் சுவரை இடித்துப் போட்டார். இந்தக் காரியத்துக்காக அவரை நாம் மனமாரப் பாராட்டுகின்றோம். சாமியார் என்பதற்காக ஒருவர் செய்த நல்ல காரியத்தை மறைப்பது நமது வழக்கமல்ல.

சுவர் இடிந்தவுடன் மேல் ஜாதிக் கத்தோலிக்கர்கள் என்ன செய்தார்கள்? "இத்தனை காலம் பாவம் செய்தோம், இனியாவது ஒன்றாயிருப்போம்" என்று நெஞ்சில் அடித்துக்கொண்டார்களா? இல்லை. கோர்ட்டுக்குப் போனார்கள்! வெள்ளைக்கார சர்க்காரின் கோர்ட்டில், திருச்சினாப்பள்ளி மேற்றிராணியார் பார்த் என்பவரைப் பிரதிவாதியாக வைத்து, இடித்த சுவரைத் திரும்பக் கட்டிக் கொடுக்கும்படி உத்தரவிட வேண்டும் என்றும், பீடத்தண்டையில் ஊழியம் செய்யும் உரிமை தங்களுக்கே உரியது என்றும் வழக்காடினார்கள். மைக்கேல் பிள்ளை எதிர் பார்த் என்ற பேரால் 1917-ம் வருஷத்துச் சட்ட அறிக்கையில் சென்னை ஹைக்கோர்ட்டுத் தீர்ப்பு வெளியாகியிருக்கின்றது. வாதியின் பேரைப் பாருங்கள்: முன்பாதி தேவதூதன், பின்பாதி ஜாதி! ஞானஸ்நானத் தண்ணீர் முன்பாதியைத்தான் நனைத்தது. பின்பாதியில் ஒரு சொட்டுக்கூட விழவில்லை.

ஹைக்கோர்ட்டார் சொன்னதின் சாரம் இதுதான்: நீங்கள் கேட்பது மற்றவர்கள் உங்களைத் தொடாமல் இருக்க வேண்டும் என்கின்ற உரிமை, அப்படி ஒரு உரிமைக்குத் "தீட்டு" என்ற ஒன்றைத் தவிர வேறு பிறப்பிடம் இருக்க முடியாது, கிறிஸ்தவர்களுக்குள் தீட்டு என்பதை நாங்கள் ஒப்புக்கொள்ள முடியாது. இவ்வளவுதான். முந்நூறு வருஷமாக வேத சாஸ்திரிகளுக்கும் போப்புகளுக்கும் விளங்காமல், "இது மத விஷயமா, நாட்டு வழக்கமா" என்று மயிரைப் பிளந்துகொண்டிருந்த சங்கதி, கறுப்பு அங்கி போட்ட ஜட்ஜுகளுக்குச் சில பக்கத்தில் விளங்கிவிட்டது.

இந்துக் கோயிலுக்கு வேறு நியாயம்

இதைப் படித்ததும் நமது இந்துமத அபிமானிகள் சிலர், "பார்த்தீர்களா, கிறிஸ்தவனுடைய யோக்கியதையை!" என்று கைகொட்டிச் சிரிக்க வருவார்கள். அவர்களுக்கும் இரண்டு வார்த்தை சொல்ல வேண்டியது நமது கடமை.

வடக்கன்குளத்தில் சுவருக்கு அப்பால் நிறுத்தப்பட்ட அதே நாடார் சமூகத்தார், 1897-ல் கமுதி மீனாக்ஷி சுந்தரேஸ்வரர் கோயிலுக்குள் நுழைந்தார்கள். இராமநாதபுரம் ராஜா வழக்குத் தொடுத்தார். வழக்கு லண்டன் பிரிவி கௌன்சில் வரைக்கும் போய், 1908-ல் நாடார்களுக்கு அந்தக் கோயிலுக்குள் போக உரிமையில்லை என்று தீர்ந்தது. இடையில் 1899-ல் சிவகாசிக் கொள்ளையும் நடந்தது. அதாவது, பத்து வருஷ வித்தியாசத்துக்குள், ஒரே ராஜாங்கத்தின் கோர்ட்டுகள், ஒரே சமூகத்தாரைப் பற்றி, "கிறிஸ்தவர்களுக்குள் தீட்டில்லை, ஆகையால் சுவர் வேண்டாம்" என்றும், "இந்துக்களுக்குள் தீட்டு உண்டு, ஆகையால் உள்ளே வராதே" என்றும் தீர்ப்புச் சொல்லியிருக்கின்றன. கிறிஸ்தவ மேல் ஜாதியான் தன் மதத்துக்கு விரோதமாக ஜாதியைக் காப்பாற்றினான். இந்து மேல் ஜாதியான் தன் மதத்தின் பேராலேயே காப்பாற்றினான். முன்னவனைக் கோர்ட்டு வெளியே தள்ளியது. பின்னவனைக் கோர்ட்டு தட்டிக்கொடுத்தது. ஆகவே, சிரிக்க வருகின்றவர்கள் முதலில் தங்கள் கர்ப்பக்கிரகத்தைத் திரும்பிப் பார்த்துவிட்டு வருவது நலம். 1939-ல் சட்டம் செய்த பிறகுதானே இந்தப் பக்கத்துக் கோயில்கள் பலவற்றின் வாசல் திறந்தது?

மூன்று சமாதானங்கள்

நிற்க. ஜாதிச் சுவருக்குச் சபையார் சொல்லி வந்த சமாதானங்கள் முக்கியமாக மூன்று.

முதலாவது, ஜாதி என்பது மத சம்பந்தமானதல்ல, வெறும் நாட்டு வழக்கம் என்பது. வெறும் நாட்டு வழக்கமானால், அது கோயிலுக்குள் எதற்கு? செருப்பை வாசலில் விடச் சொல்லும் சாமியாருக்கு, வழக்கத்தையும் வாசலில் விடச் சொல்ல ஏன் வாய் வரவில்லை? நாட்டு வழக்கங்களில் எத்தனையோவற்றை அஞ்ஞானம், பேய் வணக்கம் என்று அடியோடு விடச் செய்தார்களே! திருநீற்றை அழிக்க முடிந்தது. குலதெய்வத்தை உடைக்க முடிந்தது. ஜாதியை மாத்திரம் தொட முடியவில்லையா?

இரண்டாவது, ஜாதியை வற்புறுத்தி ஒழிக்கப் போனால் மேல் ஜாதியார் சபையை விட்டுப் போய்விடுவார்கள் என்பது. இருக்கலாம். ஆனால், ஜாதியை விட மனமில்லாதவன் கிறிஸ்தவனாயிருந்துதான் ஆக வேண்டிய கட்டாயம் என்ன? அவன் போய்விடுவானே என்று பயந்தவர்கள், அவமானம் தாங்காமல் மற்றவன் போய்விடுவானே என்று ஒருநாளாவது பயந்தார்களா? பயப்படவில்லை. ஏழைக்குப் போக்கிடமில்லை என்று அவர்களுக்குத் தெரியும். இதற்குப் பேர் பொறுமை அல்ல, கணக்கு.

மூன்றாவது, மெள்ள மெள்ள மாறும் என்பது. 1606 முதல் 1910 வரையில் முந்நூற்று நான்கு வருஷம். இன்னும் எவ்வளவு மெள்ள? அடிபடுகிறவனுக்கு "மெள்ள" என்று சொல்லும் உரிமை, அடிக்கிறவனுக்கும் வேடிக்கை பார்க்கிறவனுக்கும் கிடையாது.

சுவர் போயிற்றா?

வடக்கன்குளத்தில் சுவர் இடிந்த பிறகும் இரண்டு கால்களும் இரண்டாகவே நின்றன. சுவரை ஒரு நாளில் இடிக்கலாம். சுவருக்காகவே வகுக்கப்பட்ட வடிவத்தை எப்படி இடிப்பது? இந்து சமூகத்திலிருந்து கிறிஸ்தவ சமூகத்துக்கு வந்த ஜாதியும் அவ்விதமேதான் நின்றது.

1990-ல் தமிழ்நாட்டு மேற்றிராணிமார்கள் கூடித் தாழ்த்தப்பட்ட கிறிஸ்தவருக்காகப் பத்து அம்சத் திட்டம் போட்டார்கள். 2003-ல் போப் 2-வது ஜான்பால் தம்மைக் காண வந்த தமிழ்நாட்டு மேற்றிராணிமார்களிடம் ஜாதி வித்தியாசத்தைக் கண்டித்துப் பேசினார். 2016-ல் இந்திய மேற்றிராணிமார்கள் பேரவை தாழ்த்தப்பட்டோரின் முன்னேற்றத்துக்கென்று ஒரு கொள்கை அறிக்கையே வெளியிட்டது. தீர்மானங்களுக்குக் குறைவில்லை.

ஆனால் நடந்தது என்ன? 2008-ம் வருஷம் மார்ச்சில், அன்றைய விழுப்புரம் ஜில்லாவிலுள்ள எறையூரில், தாழ்த்தப்பட்ட கத்தோலிக்கர்கள் சவ ஊர்வலத்தைக்கூடப் பொதுத் தெரு வழியாகக் கொண்டுபோக முடியாமல் வெறுத்துப்போய்த் தங்களுக்குத் தனிப் பங்கு வேண்டுமென்று கேட்டார்கள். வன்னியக் கத்தோலிக்கர்கள் அவர்களைத் தாக்கினார்கள், கலகம் மூண்டது, போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் இருவர் மாண்டார்கள். திருச்சி மேலப்புதூர்க் கல்லறைத் தோட்டத்தில் செத்தவர்களுக்கு நடுவிலேயே ஜாதிச் சுவர் ஒன்று நிற்க, 2010-ல் பெரியார் தொண்டர்கள் போய் அதை இடிக்க முனைந்து கைதானார்கள். உயிரோடிருப்பவனுக்குத் தீட்டு என்றாலாவது மூக்கைப் பிடித்துக்கொண்டு கேட்கலாம். ஆறடி மண்ணுக்குக் கீழே எலும்பாகிப் போனவனுக்கும் தீட்டா? கடைசி நாளில் எல்லோரும் உயிர்த்தெழுவார்கள் என்று நம்புகிறவர்கள், எழுந்தவர்கள் சுவர் ஏறிக் குதிக்கட்டும் என்று விட்டுவிட்டார்களா?

எறையூரில் தாழ்த்தப்பட்டவர்களும் தனிக் கோயில்தானே கேட்டார்கள், இதற்கும் வடக்கன்குளத்தார் கேட்டதற்கும் என்ன வித்தியாசம் என்று சிலர் கெட்டிக்காரத்தனமாகக் கேட்கலாம். வித்தியாசம் இருக்கின்றது. ஒருவன் மற்றவனை வெளியே தள்ளுவதற்காகச் சுவர் கேட்டான். மற்றவன் உதை தாங்காமல் வெளியே போக வழி கேட்டான். சிறை கட்டுகிறவனும் சிறையிலிருந்து தப்புகிறவனும் ஒன்றாவார்களா?

இதிலும் நாடார், வன்னியர் முதலான சமூகத்தாருக்கு ஒரு வார்த்தை. ஒரு காலத்தில் மேலே இருந்தவன் உங்களைச் சுவருக்கு அப்பால் நிறுத்தியபோது உங்கள் நெஞ்சு எரிந்ததே, அந்த எரிச்சல் உங்களுக்குக் கீழே என்று நீங்கள் நினைக்கிறவன் நெஞ்சிலும் இருக்கும் என்பது உங்களுக்குத் தெரியாதா? பார்ப்பனியம் என்பது பார்ப்பானிடத்தில் மாத்திரம் இருப்பதல்ல. தனக்குக் கீழே ஒருவன் வேண்டும் என்கின்ற எண்ணம் எவனிடத்தில் இருக்கின்றதோ, அவனிடத்திலெல்லாம் இருப்பது பார்ப்பனியந்தான். அவன் கழுத்தில் பூணூல் இருந்தாலென்ன, ஜெபமாலை இருந்தாலென்ன?

சர்க்காருடைய சுவரும் ஒன்று உண்டு. 1950-ல் ஜனாதிபதியின் பேரால் பிறந்த உத்தரவுப்படி, இந்துவாயிருந்தால்தான் பட்டியல் ஜாதியானுக்குரிய சலுகை. 1956-ல் சீக்கியரையும் 1990-ல் பௌத்தரையும் அதில் சேர்த்தார்கள். கிறிஸ்தவனான பறையனையும் பள்ளனையும் சேர்க்கவில்லை. கோயிலில் போனால் "நீ பறையன், அப்பால் நில்" என்பது. சர்க்காரிடம் போனால் "நீ கிறிஸ்தவன், உனக்கு ஜாதி கிடையாது, அப்பால் நில்" என்பது. எந்தப் பக்கம் திரும்பினாலும் அவனுக்கு அப்பால்தான்!

பேரிலிருந்து போன வால்

கடைசியாக ஒரு நல்ல சங்கதியைச் சொல்ல வேண்டும். தேவசகாயத்தை அர்ச்சிஷ்டவராக்கும் ஏற்பாடு நடந்தபோது, அவர் பேரோடு ஒட்டிக்கொண்டிருந்த "பிள்ளை" என்னும் ஜாதி வாலை எடுத்துவிட வேண்டும் என்று கிறிஸ்தவர்களுக்குள்ளிருந்தே கோரிக்கை எழுந்தது. ரோமாபுரியாரும் அதை எடுத்துவிட்டார்கள். 2022-ல் வெறும் தேவசகாயமாகவே அவர் பிரகடனம் செய்யப்பட்டார். ஜாதி பாராமல் பழகிய ஒரு மனிதன், தன் பேரிலிருந்து ஜாதியைக் கழற்றிக்கொள்ள 270 வருஷம் பிடித்தது. செத்தவர் வாலைக் கழற்றியாகிவிட்டது. உயிரோடிருக்கின்றவர்கள் எப்போது கழற்றப் போகின்றார்கள்?

ஆகையால், கத்தோலிக்கத் தோழர்களுக்கு, அதிலும் முக்கியமாகத் தாழ்த்தப்பட்ட வகுப்புத் தோழர்களுக்கு, நாம் சொல்லிக்கொள்வது இதுதான். உங்கள் ஊரில் நாளைக்குக் கோயில் புதுப்பிக்கப் போகின்றோம், கோபுரம் உயர்த்தப் போகின்றோம், பளிங்குக் கல் பதிக்கப் போகின்றோம் என்று வரி கேட்டு வருவார்கள். உங்களுக்கு மதத்தில் நம்பிக்கை இருந்தால் இருக்கட்டும். அதைப் பற்றி இன்று நாம் வாதாட வரவில்லை. ஆனால், ஒரு காசு எடுத்துக் கொடுப்பதற்கு முன் நான்கு கேள்விகளைக் கேளுங்கள். இந்தப் புதிய கோயிலில் நான் எந்த இடத்திலும் உட்காரலாமா? திருநாள் தேர் என் தெருவுக்குள் வருமா? நான் செத்தால் அதே சவ வண்டியில், அதே தெரு வழியாக, அதே கல்லறைத் தோட்டத்தில், நடுவில் சுவரில்லாமல் புதைப்பார்களா? பங்கு சபையிலும் பீடத்தண்டையிலும் என் பிள்ளைக்குச் சம இடம் உண்டா?

நான்குக்கும் "ஆம்" என்று எழுத்தில் பதில் வந்தால் மேற்கொண்டு பேசுங்கள். வராவிட்டால், அந்தப் பணத்தை உங்கள் பிள்ளையின் படிப்புக்குச் செலவிடுங்கள். 1745-ல் புதுச்சேரியில் சுவரை இடித்தது உங்கள் முன்னோர் கேட்ட ஒரு கேள்வி. அதைக் கேட்க அன்று அவர்களுக்கு எழுத்தும் இல்லை, சட்டமும் இல்லை. இன்று உங்களுக்கு இரண்டும் இருக்கின்றன. கேளுங்கள்; கேட்டுக்கொண்டே இருங்கள். கேட்காதவன் கொடுத்த காசில்தான் இந்நாட்டில் இதுவரை எல்லாச் சுவர்களும் எழும்பியிருக்கின்றன என்பதை மாத்திரம் மறந்துவிட வேண்டாம் என்று கேட்டுக்கொள்ளுகின்றோம்.